கொஞ்சம் அசதி

வெள்ளிக்கிழமைகளில் இட்லி வெந்து இறங்குவதற்குள் என் கணவரின் இடது மின்வழங்கியை உருவி எடுத்து, தூசி தட்டி, திரும்பச் செருகிவிடுவேன். குளியலறை கழுவுவது, செடிக்கு ஈரம் பார்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை. அவர் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு சமையலறை முக்காலியில் வந்து உட்காருவார். காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு மூடி. ஓரத்தை அழுத்தினால் வாய் திறக்கும். இரண்டு விரலால் இழுத்தால் மின்வழங்கி சர்ரென்று கையோடு வந்துவிடும்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ஒண்ணுமே தெரியலையே மங்களம்!"

"தெரியாம இருக்கணும்னுதானே ரெண்டு வெச்சிருக்கு."

"நீ சும்மா எடுத்தேன்னு சொல்லி ஏமாத்தறியோ என்னவோ."

"இந்தாங்க, கையில பிடிச்சுப் பாருங்க. உங்க உசிருல பாதி."

அவர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "பாதியே இவ்வளவு லேசா இருக்கே. முழு உசிரும் சேர்த்தா ஒரு கத்திரிக்காய்க்கு வராது போல."

"நிலாவுல எல்லாமே லேசுதான். ஆடாம உட்காருங்க."

செருகினேன். பொத்தான் போட்டுக்கொண்டார். இட்லி இறங்கியது. இங்கே ஈர்ப்பு குறைவு, மாவு தாராளமாகப் பொங்கும். யார் வார்த்தாலும் இட்லி பஞ்சாகத்தான் வரும். அதனால் வெண்குகையில் மருமகள்களைக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் வேறு விஷயம் தேட வேண்டியிருக்கிறது. அன்று அவர் வழக்கத்துக்கு மேலாகவே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று அமிர்தகடேசன் எனப் பெயர் வைத்திருந்தார்கள். "என் பேர் கொண்ட சாமி சன்னதியில செய்ய வேண்டியதை இப்படிப் பாறைக்குள்ள உட்கார்ந்து செய்யறோமே" என்று கேலியாகச் சொல்லிக்கொண்டே கையைக் கழுவினார்.

அதுதான் எங்களுடைய கடைசிச் சாதாரண வெள்ளிக்கிழமை.

வெண்குகை என்பது நிலவின் தரைக்கு அடியில், பழைய எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன ஒரு நீண்ட குழாய். அதற்குள் ஊர். இங்கே வந்து பல வருடம் ஆனவர்களுக்கு இதயம் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும். இரத்தத்தை மேலே தள்ளப் பூமியில்போலப் பாடுபட வேண்டியதில்லை, வேலை இல்லாத தசை இளைத்துவிடுகிறது. ஐம்பதைத் தாண்டியதும் எந்திர இதயம் வைத்துவிடுவார்கள். இதயம் ஒன்றுதான். அதற்கு மின்சாரம் கொடுக்க மின்வழங்கிகள் மட்டும் இரண்டு. சாதாரண நாளில் இரண்டும் சுமையைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று நின்றால் மற்றது முழுச் சுமையையும் அந்தக் கணமே ஏற்றுக்கொள்ளும். உடையவருக்கு ஒன்றும் தெரியாது.

இது புதிய யோசனை இல்லை. இருபத்தோராம் நூற்றாண்டில் பெரிய கூடங்களில் வரிசை வரிசையாகச் சர்வர் கணினிகளை அடுக்கி வைத்திருந்தார்களே, அவற்றின் முதுகில் இதே மாதிரி இரண்டு மின்வழங்கிகள் இருக்கும். அதிலிருந்த சங்கடமும் இதே சங்கடம்தான். ஒன்று செத்தாலும் எந்திரம் ஓடிக்கொண்டே இருப்பதால், செத்ததை யாராவது கவனித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தது சாகும்போதுதான் தெரியும். அன்றைக்குச் சர்வரின் இயங்குதளம் அந்த வேலையைச் செய்தது. எங்கள் உடம்புக்குள் உடலியக்கி செய்கிறது. ஓயாமல் இரண்டு மின்வழங்கிகளையும் அது விசாரித்துக்கொண்டே இருக்கும்: சூடு எவ்வளவு, எவ்வளவு கொடுக்கிறாய், இருக்கிறாயா? பதில் வராவிட்டால் அந்த மின்வழங்கியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றும், எங்கள் மருத்துவமனையான நலக்கூடத்துக்குச் செய்தி அனுப்பும், பிறகு உடையவர் காதிலும் துணையின் காதிலும் வாயால் சொல்லும்.

விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த முகப்புக்குத் தங்கத்தில் ஒரு கவசம் செய்து போடுவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் கேட்பதில்லை. பெண் வீட்டார் போடாமலும் இருப்பதில்லை. இதயம் வைக்கும் வயதில் எங்கிருந்து பெண் வீடு என்று கேட்கக் கூடாது, என் தம்பிதான் போட்டான். தாமரை மொக்கு வேலைப்பாடு. அதன் பின்னால் விளக்கு எரிகிறதா அணைகிறதா என்று சூரியனுக்கே தெரியாது. உருவினாலோ விளக்கு அணைந்துவிடும்.

வலது மின்வழங்கியை யாரும் உருவுவதில்லை. ஒரு வாரம் இடது, மறு வாரம் வலது என்று மாற்றி மாற்றிச் சோதிக்கும்படி கையேட்டில் இருக்கிறது. ஆனால் வலது மங்களப் பக்கம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் புருஷனின் வலது பக்கத்தை நிறுத்த எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? வெண்குகையில் இருந்த எல்லாப் பெண்களும் இடதை மட்டுமே உருவினோம்.

இனி அந்தக் குரல். முதலில் வந்த உடலியக்கிகள் "மின்வழங்கி இழப்பு! மின்வழங்கி இழப்பு!" என்று காதுக்குள் அலறுமாம். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கேட்டு மயங்கி ரசத்தில் விழுந்தார். எல்லோரும் குரலை அடைத்துவிட ஆரம்பித்தார்கள். அதனால் தயாரித்தவர்கள் ஒரு திருத்தம் செய்தார்கள். அந்தந்த வீட்டில் செய்தி எப்படிச் சொல்லப்படுகிறதோ அதைக் கேட்டுப் பழகி, உடலியக்கியும் அதே தோரணையில் சொல்லும். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் கும்பகோணத்தில் இருக்கும் என் நாத்தனார் விசாலத்தின் வாய் வழியாகத்தான் வரும். உடலியக்கியும் விசாலம் மாதிரியே பேசியது. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடும். என் கணவருக்கு அதில் ஏகக் குஷி. "தங்கச்சி, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று காலையில் அவரே வலியப் பேச்சுக் கொடுப்பார்.

நாலு வருடங்களுக்கு முன் ஒரு நாள் அது என் காதில், "அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்கு இடது பக்கம் கொஞ்சம் அசதியா இருக்கு. அவசரமில்லை. சௌகரியப்படறப்ப ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லுங்க" என்றது.

"உங்களுக்கு இடது பக்கம் அசதியாமே?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்திருப்பேன்."

நலக்கூடத்துக்கும் அதே வாசகம்தான் போயிருக்கிறது. அங்கிருந்து 'ஓய்வு எடுக்கவும்' என்று பதில் வந்தது. அதனால் என் கணவர் அன்றிலிருந்து வலது பக்கமாகப் படுத்து இடதுக்கு ஓய்வு கொடுத்தார். அவ்வப்போது உடலியக்கி, "அந்த அசதி அப்படியேதான் இருக்கு அண்ணி" என்று நினைவூட்டும். "வயசாகுதில்ல, இருக்கத்தான் செய்யும்" என்று நானும் பெருமூச்சு விடுவேன். இரண்டு பெண்கள் மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விழாக்கூடம் நிறைந்துவிட்டது. எங்கள் மகள் மீனலோசனி மயிலாடுதுறையில் இருந்தாள். அவளுக்குப் பேறுகால மாதம். வர வேண்டாம், திரையில் பார்த்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். கூடத்தின் பெரிய திரையில் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, "அப்பா, வேட்டி அவிழுது பாருங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். நாதசுரம், தவில், மைக்செட் எல்லாம் இருந்தன. குகைக்குள் மைக்செட் தேவையே இல்லை, தவிலைத் தட்டினால் ஊர் முழுக்கக் கேட்கும். ஆனாலும் மைக்செட் இல்லாமல் ஒரு கல்யாணமா? ஓமத்துக்கு மட்டும் நெருப்பு அனுமதி இல்லை. ஒரு தட்டில் ஒளியால் ஆன தீ ஆடிக்கொண்டிருந்தது. சாஸ்திரிகள் அதற்கும் நெய் ஊற்றுவதாகப் பாவனை செய்தார்.

மாலை மாற்ற எழுந்தோம். என் கணவர் என் தலை எட்டாமல் மாலையைப் பிடித்துக்கொண்டு, "குனியறியா, நான் குதிக்கட்டுமா?" என்றார். கூடம் சிரித்தது. அப்போது என் காதில் அந்தக் குரல் வந்தது.

"அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்கு வலது பக்கமும் கொஞ்சம் முடியலை. பெரிசா ஒண்ணுமில்லை. நீங்க தைரியமா இருங்க. லோசனிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி, உடனே கிளம்பி வரச் சொல்லிடுங்க."



எந்திரம் என்றுதான் இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் அது விசாலமாகக் கேட்டது. என் அப்பா போன அன்று விசாலம் என்னைக் கூப்பிட்டு, அட்சரம் பிசகாமல் இதையேதான் சொன்னாள்: பெரிசா ஒண்ணுமில்லை, தைரியமா இருங்க, உடனே கிளம்பி வாங்க. நிறைமாதக்காரியைக் கிளம்பி வரச் சொல்லும் அளவுக்கு 'ஒண்ணுமில்லாத' விஷயம் எது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"பிலோமினா!" என்று கத்தினேன். மைக்கில் விழுந்து குகை முழுவதும் எதிரொலித்தது.

பிலோமினா என் சிநேகிதி. வெண்குகை மின்கூடத்தின் பொறியாளர். பந்தி பரிமாறத் தொடங்கிவிட்டார்களா என்று பார்க்கப் போயிருந்தவள் கையில் அப்பளத்தோடு ஓடி வந்தாள். நான் சொன்னதை அவள் முழுதாகக் கேட்கவில்லை. என் கணவரை முக்காலியில் உட்காரவைத்து, சட்டையை விலக்கி, தாமரை மொக்குக் கவசங்களைப் பிடுங்கி எறிந்தாள். இடது பக்கம் மஞ்சள் விளக்கு எரிந்தது. வலது பக்கமும் எரிந்தது. அவர் முகம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"இடது எப்ப செத்துச்சு?"

"சாகலையே! வாராவாரம் நான் உருவிப் போடறேனே. முந்தாநாள்கூட உருவினேன், அவருக்கு ஒண்ணும் ஆகலை!"

"செத்ததை உருவினா என்னடி ஆகும்?"



இடது மின்வழங்கி போன பிறகு வலது ஒன்றே முழுச் சுமையையும் இழுத்து இழுத்துக் காய்ந்துபோயிருக்கிறது. அது நின்றாலும் இதயத்தின் அடியில் கையிருப்பாக ஒரு துளி மின்சாரம் இருக்கும்; சாஸ்திரிகள் ஒரு மந்திரத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கிற நேரம். புது மின்வழங்கி நலக்கூடத்தில்தான் இருந்தது, குகையின் மறுகோடியில். பிலோமினா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வெண்குகையில் எல்லா எந்திரங்களுக்கும் ஒரே அளவுச் செருகிதான். பூமியிலிருந்து விதவிதமாகக் கொண்டுவரக் கட்டுபடியாகாது என்று அப்படி வைத்திருந்தார்கள். ஒரே தாவில் மைக்செட்டுக்குப் போய்ப் பின்னாலிருந்த கம்பியைப் பிடுங்கினாள். நிலவில் தாவினால் நிஜமாகவே தாவல்தான், தவில்காரர் தலைக்கு மேலாகப் போனாள். கம்பியின் நுனியைக் கொண்டுவந்து, செத்ததை உருவிவிட்டு, என் கணவரின் இடது பக்கம் செருகினாள்.

தவில்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். திரையில் லோசனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏன் மேளத்தை நிறுத்திட்டாங்க?"

தவில்காரருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வாசிக்கத் தொடங்கினார், நாதசுரமும் சேர்ந்துகொண்டது. மைக் இல்லாமல், அத்தனை வருடத்தில் முதல் முறையாக நாதசுரத்தை நாதசுரமாகக் கேட்டோம்.

புது மின்வழங்கிகள் வந்து சேரும்வரை முகூர்த்தம் காத்திருக்காது என்று சாஸ்திரிகள் சொன்னார். அதனால் என் கணவர் சுவரோடு கட்டிய கம்பியுடனேயே எனக்குத் தாலி கட்டினார். மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு, "இனிமே எங்கேயும் ஓடிப்போக முடியாது, சுவத்துல கட்டிப் போட்டுட்டாங்க" என்றார். தீயை வலம் வரும்போதுதான் சிக்கல். சுற்றச் சுற்றக் கம்பி எங்கள் இருவரையும் ஓமத் தட்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. திரும்பி எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் விடுபடும். இடமாகச் சுற்றுவது அபசாரம் என்றார் சாஸ்திரிகள்.

"சாமி, வலது இடதுன்னு பார்த்துத்தான் இன்னிக்கு இந்த நிலைமை" என்றாள் பிலோமினா. "பேசாம அவிழ்க்கச் சொல்லுங்க."

அவிழ்த்துக்கொண்டோம். விருந்து முடியும் நேரத்தில் நலக்கூடத்து ஆட்கள் வந்து இரண்டு பக்கமும் புதியது பொருத்தினார்கள். என் கணவர் பாயசம் குடித்துக்கொண்டே பொருத்திக்கொண்டார்.

மறுநாள் பிலோமினா வீட்டுக்கு வந்து உடலியக்கியை விசாரித்தாள். நானும் அவரும் பக்கத்தில் இருந்தோம்.

"இடது மின்வழங்கி எப்போது செயலிழந்தது?"

"நாலு வருஷம் ஆச்சுங்க" என்றது விசாலத்தின் தோரணையில்.

"ஏன் தெரிவிக்கவில்லை?"

"தெரிவிச்சேனே. நாலு வருஷமா தெரிவிச்சுட்டே இருக்கேன்."

"அசதின்னு சொன்னா யாருக்குப் புரியும்? செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்படி இந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லையே. அண்ணனோட மாமனார் போனப்போ 'கொஞ்சம் முடியலை'ன்னுதான் சொன்னாங்க. பெரியப்பா போனப்போ 'கொஞ்சம் அசதியா இருக்கார்'னாங்க. கேட்டவங்க எல்லாரும் புரிஞ்சுக்கிட்டு உடனே அழுதாங்க. நான் சொன்னப்போ மட்டும் அண்ணி அழலை. தைரியசாலின்னு நினைச்சேன்."

என் கணவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. புதிதாகப் போட்ட இரண்டு மின்வழங்கிகளும் சூடேறும்வரை சிரித்தார்.

பிலோமினா அனுப்பிய அறிக்கைக்குப் பிறகு தயாரித்தவர்கள் நயத்தையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லும் உடலியக்கியைக் கொடுத்தார்கள். வெண்குகையில் தேடிப் பார்த்ததில் இன்னும் பலருக்கு இடது பக்கம் 'அசதி'யாக இருந்தது தெரியவந்தது, எல்லோருக்கும் மாற்றினார்கள். ஒரு மாதம் ஊரே அந்தப் புதுக் குரலை வாழ்த்தியது. அடுத்த மாதம் முறையீடுகள் வந்தன. பட்டவர்த்தனமாகப் பேசுகிறது, பெரியவர்களிடம் சொல்கிற முறை தெரியவில்லை, கல்யாண வீட்டில் 'இழப்பு' என்ற சொல்லை உச்சரிக்கிறது. பாதி வீடுகள் பழைய குரலையே கேட்டு வாங்கிக்கொண்டன.

நாங்கள் மாற்றவில்லை. என் கணவருக்கு அதோடு வாயாடுவது பிடித்துவிட்டது. "நான் எப்படி இருக்கேன்?" என்பார். "எடை கூடியிருக்கிறது. நேற்று நடக்கவில்லை. நடந்ததாக மனைவியிடம் சொன்னீர்கள்" என்று இருவர் காதிலும் சொல்லும். நான் கரண்டியோடு வருவேன். அப்படி ஆறு வருடம் வாழ்ந்தோம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு வாரம் இடது, மறு வாரம் வலது. லோசனிக்குப் பையன் பிறந்தான். திரையில் தாத்தாவைப் பார்த்தால் தன் சட்டையைத் தூக்கித் தன் மின்வழங்கி எங்கே என்று கேட்பான்.

பிறகு ஒரு சாயங்காலம். அவர் ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லத் தொடங்கி, முடிவு வருவதற்குள் தானே சிரித்துவிட்டு, அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். மூளையில் ஓர் இரத்தக்குழாய். அதற்கு இரண்டாவது வைக்க இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

உடலியக்கி என் காதில் சொன்னது: "மின்வழங்கிகள் இரண்டும் சரி. இதயம் சரி. அமிர்தகடேசன் இறந்துவிட்டார்."

அது அப்படிச் சொன்னதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்குச் சந்தேகம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிலோமினா வந்தாள். நலக்கூடத்தார் வந்து அந்த நல்ல இதயத்தை மெதுவாக நிறுத்தினார்கள். கதையின் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று நானும் பிலோமினாவும் கொஞ்ச நேரம் யோசித்தோம். ஒரு முடிவு எங்களுக்கே தோன்றியது. அழுகைக்கு நடுவில் சிரித்தும்விட்டோம்.

"லோசனிக்குச் சொல்லணுமே" என்றாள் பிலோமினா. "நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டேன். தலையை வாரிக்கொண்டேன். மயிலாடுதுறையைக் கூப்பிட்டேன். லோசனி திரையில் வந்தாள். பின்னால் பையன் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லம்மா, பதறாதே" என்றேன். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலை. பெரிசா ஒண்ணுமில்லை. நீ மட்டும் அடுத்த விண்கலத்துல கிளம்பி வந்துடு."

பக்கத்தில் பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். அங்கே லோசனி இன்னும் இயல்பாகவே இருந்தாள், பையனைப் பார்த்து ஏதோ அதட்டினாள். நிலவிலிருந்து ஒரு குரல் பூமிக்குப் போய்ச் சேர ஒன்றேகால் நொடி ஆகிறது; அங்கிருந்து திரும்பி வர இன்னொரு ஒன்றேகால். அதைக் குறைக்க இதுவரை யாராலும் முடியவில்லை.